பேரீச்சம்பழத்துக்குப் போக இருந்த வயர்லெஸ் பெட்டி

கஜா புயல் அடித்த இரவை டெல்டாவில் எந்த விவசாயியும் மறக்க மாட்டார். 2018 நவம்பர் 15 ராத்திரி காற்று கிளம்பி, 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பேராவூரணிப் பக்கம் இருக்கிற எங்கள் தோப்பில் விடிந்து போய்ப் பார்த்தபோது விழுந்த மரங்களை எண்ண முடியவில்லை. நின்ற மரங்களைத்தான் எண்ணினோம். தென்னை போன கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு.

அன்றைக்குச் செல்போன் கோபுரமும் சேர்ந்து செத்துப்போனது. வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்த தங்கச்சி பிழைத்திருக்கிறாளா என்று தெரிய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. தம்பி மோட்டார் சைக்கிளில் அரிவாளோடு கிளம்பி, ரோட்டில் கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாரும் நல்லாருக்காங்கம்மா, ஓடு மட்டும்தான் போச்சு" என்று சொன்ன பிறகுதான் அம்மா சோற்றில் கை வைத்தார்.

அந்த மூன்று நாளும் வீட்டில் பேசிக்கொண்டிருந்தது அப்பா விட்டுப்போன பேட்டரி ரேடியோ ஒன்றுதான். புயல் எங்கே போகிறது, எந்த ஊரில் என்ன நிலைமை என்றெல்லாம் சொன்னது. ஆனால் அது சொல்வதை நாம் கேட்கலாம். நாம் சொல்வதை அது கேட்காது. பதில் பேசுகிற ரேடியோ ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்கு விழுந்ததுதான்.

காயலாங்கடையில் கிடந்தது

ஒரு வருடம் கழித்து, சொட்டுநீர்க் குழாய்க்கு இரும்புக் கம்பம் தேடிப் பட்டுக்கோட்டையில் ஒரு காயலாங்கடைக்குப் போனேன். மூலையில் ஒரு குவியல். அலுமினியப் பெட்டிகள், சுருள் சுருளான வயர் தொங்கும் மைக்குகள், செங்கல் கனத்தில் பேட்டரிகள், நீளமான ஏரியல் கம்பிகள்.

"என்ன பாய் இது?"

"ஒரு கம்பெனிக்காரங்க குடோனைக் காலி பண்ணிட்டாங்கண்ணே. பழைய வயர்லெஸ். பேசுற பலகையெல்லாம் அவங்களே கழட்டிட்டாங்க. இனிமே எவன் வாங்குவான்? பேரீச்சம்பழத்துக்குத்தான்."

செல்போன் வருவதற்கு முன்னால் தூரத்தில் இருப்பவரோடு பேச இந்த வயர்லெஸ் செட்டுகள்தான். காவல்துறை ஜீப், வனத்துறை, துறைமுகம், மின்வாரியம், தேயிலைத் தோட்டம் என்று எல்லா இடத்திலும் ஓடின. பொத்தானை அமுக்கினால் நாம் பேசலாம், விட்டால் எதிராளி பேசுவதைக் கேட்கலாம். ஒவ்வொரு அலைவரிசைக்கும் உள்ளே ஒரு சின்னப் படிகம் இருக்கும். படிகத்தை மாற்றாமல் அலைவரிசை மாறாது. டிஜிட்டல் செட்டும் செல்போனும் வந்ததும் இவை மூலைக்குப் போய்விட்டன.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஜீப்பில் குலுங்கி, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து வேலை செய்ய வேண்டும் என்று செய்த பொருள் இது. தடித்த அலுமினிய வார்ப்பு. நாலு திருகைக் கழற்றினால் எல்லாப் பாகமும் கண்ணுக்குத் தெரியும். எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். போன வருடம் வாங்கிய செல்போனைத் திறக்கவே கடைக்காரன் யோசிக்கிறான். நாட்டு விதையை நாமே எடுத்து வைத்துக்கொள்கிற மாதிரி, நம் கையால் பழுது பார்க்கக் கூடிய பொருள் இது. எடைக்குப் போட மனசு வரவில்லை.

முதலில் சட்டம்

ஆசைப்பட்டு எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. பட்டுக்கோட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உரிமம் வாங்கிய ஹாம் வானொலிக்காரர். அவரைக் கடைக்குக் கூட்டிப் போனேன். குவியலைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, பேசுற செட்டை உரிமம் இல்லாம வீட்டுல வச்சிருந்தாலே குத்தம். ஆன் பண்ணவே வேண்டாம்."

1933ஆம் வருடத்து வயர்லெஸ் சட்டத்திலிருந்தே அப்படித்தான். அதனால் அன்றைக்குப் பிரித்துக்கொண்டோம். முழுசாக இருந்த இரண்டு செட்டை உரிமம் உள்ள ஐயா எடுத்துக்கொண்டார். பலகை கழற்றிய பெட்டிகள், மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, ஸ்பீக்கர்கள், ஏரியல் கம்பிகள் என் பங்கு. பேட்டரிகளையும் சும்மா கொடுத்தார் பாய். அதை வாங்கியது தப்பு. அந்தக் கதை பின்னால் வருகிறது.

தோட்டத்தில் என்ன வேலை கொடுத்தேன்

முதல் வேலை பவர் சப்ளைக்கு. வயர்லெஸ் செட் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது. அதையே ஆபீசில் வைத்து ஓட்டும்போது கரண்டிலிருந்து 13.8 வோல்ட் எடுத்துக் கொடுக்கிற பெட்டி இது. ஈய அமில பேட்டரியை எப்போதும் நிறைந்த நிலையில் வைத்திருக்க வேண்டிய அளவும் ஏறக்குறைய அதேதான். நம் கைத்தெளிப்பானில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் தெளிக்கிற என் இரண்டு தெளிப்பானும் இப்போது இதில்தான் சார்ஜ் ஆகின்றன. மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டை அளந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். சுத்தமாக இறங்கிப்போன பேட்டரி ஒரேயடியாகக் கரண்டை உறிஞ்சும். அதைத் தடுக்க, நடுவில் வண்டி இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை வரிசையில் மாட்டிவிடுங்கள். பேட்டரி நிறைய நிறைய பல்பு மங்கிவிடும். எவ்வளவு ஏறியது என்பதற்கும் அதுவே அடையாளம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த டிரான்ஸ்பார்மரையோ வேறு எதையுமோ காட்டுப்பன்றிக்கு வேலியாகக் கட்டிவிடாதீர்கள். சூரிய மின்வேலியில் விட்டு விட்டுப் போகிற துடிப்பு வேறு, வீட்டுக் கரண்டு வேறு. கரண்டை நேராகக் கம்பியில் விட்டு யானையும் செத்திருக்கிறது, பக்கத்து வயல்காரரும் செத்திருக்கிறார். மின்வேலிக்கென்று தமிழ்நாட்டு அரசு 2023இல் விதிகளே போட்டிருக்கிறது. பதிவு செய்துதான் போட வேண்டும்.

இரண்டாவது, ஸ்பீக்கரும் ஒலி பெருக்கும் பலகையும். பேசும் பகுதி போனாலும் கேட்கும் பகுதியில் இருக்கிற ஒலி பெருக்கி நன்றாகவே இருந்தது. ஐயா ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, வால்யூம் திருகுக்குப் பக்கத்தில் ஒரு வயரை இணைத்து, பழைய செல்போனிலிருந்து சத்தம் போகிற மாதிரி செய்து கொடுத்தார். இரைச்சலை அடைக்கிற ஸ்குவெல்ச் திருகை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வராது. மக்காச்சோளத்தில் நாய் குரைப்பும் ஆள் அதட்டும் சத்தமும் ஓடவிட்டோம். நாலு ராத்திரி பன்றி வரவில்லை. எனக்கு ஒரே பெருமை. ஐந்தாம் ராத்திரி ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று தின்றுவிட்டுப் போயிருந்தது!

ஒரே சத்தம், ஒரே இடம், ஒரே நேரம் என்றால் பன்றி பழகிக்கொள்ளும். இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை இடத்தை மாற்றுகிறோம், சத்தத்தையும் மாற்றுகிறோம். கதிர் முற்றுகிற பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும்தான் வைக்கிறோம். காவலுக்கு ஆள் போகாமல் இருக்க முடியாது. ஆனால் ஆள் ராத்திரி முழுக்கத் தகரம் தட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, அலுமினியப் பெட்டி. அதன் முதுகில் சீப்பு மாதிரி வரி வரியாக இருக்கும். சூட்டை வெளியே தள்ளுவதற்காகச் செய்தது. அதில் எல்இடி பட்டையை ஒட்டி விளக்குப்பொறி செய்தேன். எல்இடி சீக்கிரம் சாவதற்குக் காரணமே சூடுதான். இந்தப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. கீழே அகலமான சட்டியில் தண்ணீரும் கொஞ்சம் வேப்பெண்ணெயும். பொழுது சாய்ந்ததும் போட்டு ஒன்பது, பத்து மணிக்குள் அணைத்துவிட வேண்டும். விடிய விடிய எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து விழும். இன்னொரு பெட்டிக்குள் சோலார் கன்ட்ரோலரை வைத்து மூடினேன். எலி, பல்லி, எறும்பு எதுவும் உள்ளே போகவில்லை.

நான்காவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏரியல். நடுவில் ஒரு நீளக் குழாய், அதில் குறுக்கே வரிசையாகக் குச்சிகள். பார்த்ததுமே நெல் வயலில் பறவை உட்கார நடுகிற 'டி' குச்சிதான் ஞாபகம் வந்தது. கழற்றி, குறுக்குக் குழாயில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றினேன். வெறும் அலுமினியம் வழுக்கும், பகலில் சுடும், பறவை உட்காராது. நட்ட வயலில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினோம். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவைப் பிடித்தது. ராத்திரி ஆந்தை வந்ததை எச்சமும் எலி மயிரும் காட்டிக்கொடுத்தன. பால் பிடிக்கிற நேரத்தில் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகளுக்கும் அது வசதி. மின்கம்பிக்குக் கீழே மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

மண்ணுக்குள் போகக் கூடாதது

இனி என் தப்பு.

சும்மா கிடைத்த பேட்டரிகளில் ஒன்றும் உயிரோடு இல்லை. உரக்குழிக்குப் பக்கத்தில் சுவரோரம் போட்டு வைத்தேன். "தென்னைக் குழியில போட்டு மூடிடுவோம்ணே, மக்கிப் போயிடும்" என்றான் தம்பி. பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மழைக்காலம் போனது. இரண்டு பேட்டரி வெடித்து, வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அடுத்த முறை வந்த ஐயா அதைப் பார்த்துவிட்டு உட்காரக்கூட இல்லை.

"இது என்ன பேட்டரின்னு தெரியுமா? நிக்கல் காட்மியம். நீயெல்லாம் இயற்கை விவசாயியா?"

காட்மியம் ஓர் உலோகம். ஜப்பானில் தொயாமா என்ற பகுதியில் ஜின்சு ஆறு ஓடுகிறது. மேலே இருந்த சுரங்கத்திலிருந்து காட்மியம் ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீர் நெல் வயலுக்குப் பாய்ந்தது. நெல் அதை உறிஞ்சி அரிசியில் சேர்த்தது. அதைத் தின்ற மக்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு நொறுங்கியது. 'வலிக்குது, வலிக்குது' என்று அவர்கள் கதறியதையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள்: இத்தாய்-இத்தாய். மாசினால் வந்த நோய் இது என்று 1968இல் ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது.

பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்யும் ரசாயன உரத்தோடும் காட்மியம் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு வருகிறது. அதை வேண்டாம் என்று ஒதுக்கிய நான், நிக்கல் காட்மியம் பேட்டரியை உரக்குழிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். பூச்சிமருந்தாவது காலப்போக்கில் சிதையும். உலோகம் மக்காது. ஜீவாமிர்தம் ஊற்றினாலும் பஞ்சகவ்யம் ஊற்றினாலும் அது அங்கேயேதான் இருக்கும். மண் வள அட்டைக்கு எடுக்கிற சோதனையில் அது தெரியவும் செய்யாது. அதில் தழை, மணி, சாம்பல், கார அமில நிலை, நுண்ணூட்டம் இவைதான் பார்ப்பார்கள்.

கையில் உறை போட்டு, பேட்டரிகளையும் அடியிலிருந்த மண்ணையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளி மூடினேன். அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்துக்கு அதை ஒப்படைக்க இரண்டு மாதம் அலைந்தேன். உரக்குழியை வேறு இடத்துக்கு மாற்றினோம். அம்மா அந்தச் சுவரோரத்தில்தான் தண்டுக்கீரை போடுவார். இன்றுவரை அங்கே கீரை போடவில்லை.

பேட்டரி மட்டும் இல்லை. செம்புக்காக வயரைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகை விஷம். பேசும் பகுதியில் இருக்கும் பெரிய டிரான்சிஸ்டர்களில் சிலவற்றுக்குள் வெள்ளைப் பீங்கான் துண்டு இருக்கும். அது பெரிலியம் கலந்தது. உடைத்துத் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கு ஆபத்து. பற்றவைத்த ஈயம் கையில் ஒட்டும், கழுவாமல் சாப்பிடக் கூடாது. பசங்க விளையாட இந்தப் பாகங்களைக் கொடுக்கவே கூடாது.

பழைய பெட்டிக்குப் புது வேலை

ஒரு வேலைக்குச் செய்த வயர்லெஸ்ஸை இன்னொரு வேலைக்குத் திருப்புவது நாம் புதுசாகக் கண்டுபிடித்தது இல்லை. ஐயாதான் இந்தக் கதையைச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நூறு, இருநூறு கிலோமீட்டர் இருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வழியில்லை. ஆல்பிரட் டிரேகர் என்பவர் 1929இல் ஒரு வயர்லெஸ் செட் செய்தார். அங்கே ஏது கரண்டு? சைக்கிள் மாதிரி காலால் மிதித்தால் சுமார் 20 வாட் மின்சாரம் வரும். பண்ணையில் இருக்கும் பெண்கள் மிதித்துக்கொண்டே, விமானத்தில் வருகிற டாக்டருக்குச் செய்தி அனுப்பினார்கள்.

டாக்டருக்காகப் போட்ட அந்த ஏற்பாட்டில் பிள்ளைகளும் கூச்சமில்லாமல் பேசுவதை அடிலெய்டு மீத்கி என்ற கல்வியாளர் கவனித்தார். இதிலேயே பாடம் நடத்தினால் என்ன என்று கேட்டார். 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வானொலிப் பள்ளி தொடங்கியது. பண்ணை வீட்டில் இருந்தபடியே பிள்ளைகள் பாடம் கேட்டார்கள், பொத்தானை அமுக்கிச் சந்தேகம் கேட்டார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் வானொலிக்காரர் தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். போனது வேறு காரியத்துக்கு. உலகம் முழுக்க உள்ள ஹாம்களோடு அந்தமானிலிருந்து பேசுவதற்கு. தொலைபேசி செத்ததும் அதே செட்டில் தீவுக்காரர்களின் நலச் செய்திகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். இதைக் கேட்டபோது எனக்கு என் தங்கச்சியின் ஞாபகம்தான் வந்தது.

நாங்களும் பேசுகிறோம்

ஐயா விடவில்லை. "நீயும் பரீட்சை எழுது" என்றார். தொலைத்தொடர்புத் துறை நடத்துகிற தேர்வு. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். இரண்டு நிலை உண்டு. கீழ்நிலைக்குத் தந்தி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை. நாற்பத்தாறு வயதில் மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தேன். இரண்டு பேரும் பாஸ்.

உரிமம் கையில் வந்த பிறகு, அன்றைக்கு ஐயா எடுத்துப்போன செட் ஒன்றை ஹாம்களுக்கு ஒதுக்கிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். டிராக்டர் பேட்டரியில் ஓடுகிறது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அதிகம் இழுக்காது. பேசும்போது மட்டும் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். முப்பது அடிக் கம்பத்தில் ஏரியல், கம்பத்துக்கு எர்த் கட்டாயம். இடி இடித்தால் வயரைக் கழற்றிவிடுவோம்.

இதில் தேங்காய் விலை பேச முடியாது. ஹாம் உரிமத்தில் வியாபாரம் பேசக் கூடாது. தோட்டத்துக்குள் ஆட்களோடு பேசத்தான் வேண்டும் என்றால், 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் குறைந்த சக்தி வாக்கிடாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அனுமதிச் சான்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய செட்டுகள் அந்தக் கணக்கில் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் ஐயாவும் இன்னும் சிலரும் பேசுகிறோம். "மழை இங்க ரெண்டு உழவு, ஓவர்." "ஆத்துல தண்ணி வந்துருச்சு, ஓவர்." அவ்வளவுதான். வேதாரண்யம் வரைக்கும் என் செட் எட்டாது. நடுவில் உள்ள ஒருவர் வாங்கிச் சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் இப்போது அந்தப் பக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். என் தங்கச்சி மகன்தான்.

உங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திலோ, எஸ்டேட்டிலோ, பழைய அலுவலகத்திலோ இப்படிப் பெட்டிகள் தூசி தின்றுகொண்டிருக்கலாம். எடைக்குப் போடும் முன் உரிமம் உள்ள ஒரு ஹாமைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பேசும் பகுதி அவர் கையில் இருக்கட்டும். பெட்டி, ஸ்பீக்கர், பவர் சப்ளை, ஏரியல் எல்லாம் தோட்டத்துக்கு ஆகும். பேட்டரியை அன்றைக்கே தனியாக எடுத்து, மூடி போட்ட வாளியில் வைத்து, சிமெண்டுத் தரையில் மழை படாத இடத்தில் வையுங்கள். உரக்குழிப் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள். வேறு எதற்காவது இந்தப் பெட்டிகளைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால் நம் இதழுக்கு எழுதுங்கள். பன்றி விஷயத்தில் யாராவது ஜெயித்திருந்தால் அவசியம் எழுதுங்கள்.